சொல்லாமல் காலி செய்த பக்கம்

எங்கள் முதலாளி சொல்லாமல் ஓடிப்போனவர். கடையை விட்டு அல்ல. ராமநாதபுரத்தில் அவருடைய துணிக்கடை இன்றும் ஜோராக நடக்கிறது. கரையோர ஊர்க்காரர்களை ஒரு வலைத்தளப் பக்கத்தில் கூட்டி உட்கார வைத்துவிட்டு, விளக்கைக்கூட அணைக்காமல் அங்கிருந்து கிளம்பிவிட்டார்.

நேற்று பிள்ளைக்கு எடுத்த புதுச் சட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தேன். போனில் டிங் என்று சத்தம். அவர் புதிதாக ஒரு சேனல் தொடங்கியிருக்கிறார். கடைப் பெயருக்குக் கீழே, "தினமும் காற்றுச் செய்தி. உடனே சேருங்கள்." சட்டையின் கஞ்சி வாசனையும் அந்த வரியும் சேர்ந்து என்னைப் பழைய நாட்களுக்கே இழுத்துப் போய்விட்டன.

கல்யாணத்துக்கு முன்னால் என் நாளெல்லாம் அந்த வாசனையில்தான் போனது. எங்கள் கடலோர ஊரான புதுமடத்திலிருந்து உச்சிப்புளி வந்து பஸ் பிடித்துக் கடைக்குப் போவேன். சேலை மடிக்கத்தான் சேர்ந்தேன். தமிழில் டைப் அடிப்பேன் என்று வாயை விட்டேன், கடையின் வலைத்தளப் பக்கமும் என் தலையில் விழுந்தது. நான் மடித்த சேலையில் ஓரம் சேராது, அடித்த பதிவில் ஒற்றெழுத்து இருக்காது.

சேலைப் படங்களை யாரும் எட்டிப் பார்க்கவில்லை. முதலாளி ஒருநாள் கேட்டார்.

"உங்க ஊரு ஆம்பளைக காலையில என்னத்த மொதல்ல கேப்பாக?"

"காத்து எப்புடின்னு கேப்பாக."

"அப்ப அதைப் போடு. காத்தைப் பாக்க வர்றவன் சேலையையும் பாத்துட்டுத்தான போவான்."

கெட்டிக்காரர்தான். வானிலை அறிவிப்பை எங்கள் பேச்சில் மாற்றி எழுதுவேன். கீழே ஒரு சேலை. கரையே அந்தப் பக்கத்துக்கு வந்து சேர்ந்தது. என் காக்கா, கூடப்பிறந்த அண்ணன், இதற்காகவே டச் போன் வாங்கினார்.

"ஏ புள்ள, இங்கன அமுக்குனா காத்து வருமா?"

"அமுக்குனா செய்தி வரும் காக்கா. காத்து கடல்லதான் வரும்."

அப்போது கரையில் ஒரு கம்பத்தில் குழாய் ஸ்பீக்கர் இருந்தது. புயல், காற்று எல்லாம் அதில்தான் சொல்வார்கள். அது கெட்டுப்போனது. போனில்தான் வருகிறதே என்று யாரும் சரி செய்யவில்லை.

பிறகு அந்த வலைத்தளம் காலியாகத் தொடங்கியது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் முதலில் போனார்கள், அப்புறம் அவர்களுடைய அக்கா அண்ணன்மார். எல்லோருக்கும் குட்டி வீடியோ வேண்டியிருந்தது. நான் கல்யாணமாகித் தொண்டிக்குப் போயிருந்தேன். என் இடத்தில் உட்கார்ந்த பெண் பிற்பாடு சொன்னாள். கூட்டம் போகிற இடத்துக்கு நாமும் போவோம், பழையதில் எழுதாதே என்றிருக்கிறார் முதலாளி. நிறுத்துகிறோம் என்று ஒரு வரி போடட்டுமா என்று இவள் கேட்டிருக்கிறாள்.

"வேணாம். மூடுறோம்னு போட்டா கடையவே மூடுறாகன்னு நெனைப்பான்."

இது எதுவும் எங்களுக்குத் தெரியாது. நான் உம்மா வீட்டுக்கு வந்திருந்த ஒரு காலையில், வள்ளம் பழுதாகி ஒரு மாதமாகக் கரையிலேயே இருந்த காக்கா போனைப் பார்த்தார். "காத்து அடங்கிருச்சாம். வாரேன் புள்ள" என்று வள்ளத்தை இறக்கப் போனார்.

மதியத்துக்கு மேல் கச்சான் காற்று பிடித்துக்கொண்டது. மேற்கேயிருந்து மணலை வாரி முகத்தில் அடித்தது. உம்மா கரையில் நின்று துஆ ஓதிக்கொண்டே இருந்தார். நான் புதுச் செய்தி ஏதும் உண்டா என்று அந்தப் பக்கத்தைத் திறந்தேன். "இன்று காற்று அடங்கிவிட்டது. தைரியமாகக் கிளம்பலாம்" என்றே இருந்தது. எறும்பு அளவு எழுத்தில் தேதி. அது போன மாதத்து இன்று.

அதன் கீழே எங்கள் ஆட்கள் நாள்தோறும் கேட்டிருந்தார்கள். "இன்னைக்கு எப்புடி?" "போலாமா?" "ஆள் இருக்கீகளா?" ஒருவருக்கும் பதில் இல்லை. போனை அணைத்துவிட்டு உம்மா பக்கத்தில் போய் நின்றேன். கடலைப் பார்க்கவே பயமாக இருந்தது.

பொழுது சாயும்போது வேறொரு படகு காக்காவின் வள்ளத்தைக் கட்டி இழுத்து வந்தது. வலை போய்விட்டது. "போன்ல காத்தே இல்லையே" என்று சொல்லிச் சிரித்தார். எனக்கு இன்றுவரை சிரிப்பு வரவில்லை.

விளம்பரத் தொழில் படிக்கிறவர்களுக்கு இந்த வலைத்தளங்கள் எழுந்ததையும் விழுந்ததையும் வகுப்பில் சொல்லித் தருகிறார்களாம். யார் முதலில் வெளியேறினார்கள் என்று பார்க்கிறார்களாம். கடைசிவரை யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று பாருங்கள். காக்கா மாதிரி ஆட்கள். பாடுபட்டுக் கற்றுக்கொண்டதை அவர்கள் லேசில் விடமாட்டார்கள். நீங்கள் போன பிறகும் உங்களைத்தான் நம்பிக்கொண்டிருப்பார்கள்.

இப்போது அந்தப் பக்கமும் இல்லை. தேடினால் வெள்ளையாக வருகிறது. கரையில் ஸ்பீக்கர் இருந்த கம்பமும் இல்லை. இன்று காலை காக்கா போன் செய்தார். "ஒங்க மொதலாளி திரும்ப வந்துட்டாக. நான் சேந்துட்டேன் புள்ள." அந்தக் குரலில் அவ்வளவு சந்தோஷம்.

இந்தச் சேனலில் எங்களால் பதில்கூட எழுத முடியாது. நீங்கள் மட்டும்தான் பேசலாம். அதனால் இங்கே கேட்கிறேன், முதலாளி. எனக்குத் தனியாகப் போன் போட்டுச் சமாதானம் சொல்ல வேண்டாம். அந்தச் சேனலிலேயே, சேலைப் படத்துக்கு மேலே, கரை முழுக்கப் பார்க்கிற மாதிரி எழுதுங்கள். இதையும் விட்டுப் போகிற அன்று எங்களிடம் சொல்லிவிட்டுப் போவீர்களா, மாட்டீர்களா?