பெரியக்காவின் பாஸ்வேர்ட்

அந்தப் புதன்கிழமை காலை என் கணினித் திரையில் ஒரு வாய் மூட மறுத்தது.

நான் வேலை செய்வது தீவுப்பக்கம், ஜார்ஜ் டவுனில் ஒரு கடைவீட்டின் மாடியில் இருக்கும் பல் லேபில். கீழே துணிக்கடை, மேலே நாங்கள். பல் மருத்துவர் நோயாளியின் வாய்க்குள் சின்ன கேமரா ஒன்றைச் சுற்றவிட்டு, மேல்தாடைக்கு ஒரு கோப்பு, கீழ்த்தாடைக்கு ஒரு கோப்பு என்று எங்களுக்கு அனுப்புவார். இரண்டையும் திரையில் பொருத்தி, உடைந்த பல்லின் மேல் மாட்டும் ‘கேப்’பை நான் வரைவேன். இயந்திரம் அதைக் கடையும், உலை சுடும், முதலாளி தன் கையால் நிறம் ஏற்றுவார். கணினி டிப்ளோமா படித்துவிட்டு வந்தவள் என்பதால் பிரிண்டர் அடைத்துக்கொண்டாலும் வைஃபை படுத்துக்கொண்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். எனக்கும் அது பிடித்திருந்தது. சும்மா உட்கார எனக்கு வராது.

முன்பெல்லாம் கோப்புகள் வாட்ஸ்அப்பில் வந்துகொண்டிருந்தன. காலை வணக்கத்துக்கும் யாரோ வீட்டுப் பிறந்தநாள் கேக்குக்கும் நடுவில் ஒரு கடைவாய்ப்பல் கிடக்கும். பொறுக்க முடியாமல், கிளவுடில் கோப்புப் பரிமாற்ற சர்வர் ஒன்று போடலாம் என்று முதலாளியை நச்சரித்தேன். “செய். ஆனா கஸ்டமருக்கு சூசா குடுக்காத. தொல்லைன்னு தோணுச்சுன்னா வேற லேபுக்குப் போயிடுவாங்க” என்றார்.

நான் வைத்த விதி ஒன்றே ஒன்று. அனுப்பும் ஆள் ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு, தனிக் கோப்புறை, தனிக் கடவுச்சொல். அடுத்தவர் கோப்புறை இவர் கண்ணில் படக்கூடாது. பெயரை அடித்து, கோப்புறையைக் காட்டி, யார் எழுதலாம், யார் பார்க்க மட்டும் செய்யலாம் என்று உரிமைகளைக் குறித்து, அழைப்பு மின்னஞ்சலைத் தட்டிவிடுவேன். புதுவீட்டில் ஆளுக்கொரு அறை ஒதுக்குவதைப் போல அந்த வாரம் முழுக்க அவ்வளவு உற்சாகம்.

அறைச்சாவியை இவர்கள் என்ன செய்வார்கள் என்று மட்டும் யோசிக்கவில்லை. நம் வீடுகளில் விருந்தாளி நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே வைஃபை கடவுச்சொல்லைக் கேட்பார். நாமும் அவர் கேட்பதற்கு முன்பே சுவரில் எழுதி ஒட்டியிருப்போம். கேட்டும் கொடுக்காதவர் கர்வம் பிடித்தவர்.

எங்களிடம் வேலை கொடுக்கும் மருத்துவர் ஒருவருக்கு இரண்டு கிளினிக்குகள். செபராங் ஜெயாவில் ஒன்று, சுங்கை பாக்காப்பில் ஒன்று; இரண்டும் பாலத்துக்கு அந்தப் பக்கம், பெருநிலத்தில். செபராங் ஜெயா உதவியாளரை எல்லோரும் பெரியக்கா என்றுதான் கூப்பிடுவோம். சுங்கை பாக்காப்பில் இருந்தவர் என்னைவிட ஓரிரு வயது மூத்தவர். அவருக்கு அந்தச் சனிக்கிழமை சர்ச்சில் கல்யாணம். திங்கட்கிழமை, கல்யாணத்துக்குச் சுட்ட முறுக்கைப் பதம் பார்க்கிறேன் என்று கடித்ததில் முன்பல் சரிந்து உடைந்துவிட்டது. மருத்துவர் மறுநாளே ஸ்கேன் எடுத்தார். தன் பல்லைத் தானே எங்களுக்கு அனுப்பிவைத்தார் கல்யாணப்பெண். வெள்ளிக்கிழமை மாலைக்குள் கேப் அவர் வாயில் ஏறியாக வேண்டும்.

அந்த வாய்தான் மூட மறுத்தது. மேல்தாடை இளமையானது, பளிச்சென்று, முன்பல் மட்டும் சாய்வாக உடைந்திருந்தது. கீழ்த்தாடையில் தேய்ந்த பற்கள் சில அங்கங்கே நின்றன. மற்ற இடமெல்லாம் வெறும் ஈறு. இந்த வயதிலா என்று ஒரு கணம் பரிதாபப்பட்டேன். சுழற்றிப் பார்த்தேன். தாடையின் அகலமே வேறு. இது வேறு ஆள்.

பெரியக்காவுக்குப் போன் போட்டேன்.

“பெரியக்கா, நேத்து யாரோட வாய அனுப்புனீங்க?”

“ஒரு பெரியவரோடது. கீழ மட்டும்தான். மேல செட்டுப்பல்லு போட்டிருக்காரு. ஏன்மா?”

“அவரு பல்லு இப்ப கல்யாணப்பொண்ணு வாயில இருக்கு.”

பெரியக்கா சிரித்த சிரிப்பில் போன் அதிர்ந்தது. “நல்லதுலா. முறுக்கு சாப்பிட முடியாது, பலகாரம் மிஞ்சும்!”

“அவங்க எப்படி உங்க ஃபோல்டர்ல வந்தாங்க?”

“நான்தான் என் பாஸ்வேர்ட குடுத்தேன். ஒரே டாக்டரு, ஒரே குடும்பம், இதுல என்ன? ஜாக்கெட் தைக்கக் குடுக்கவே அவளுக்கு நேரமில்ல. நீ அனுப்புற மெயில எல்லாம் எங்க தொறந்து பாக்கிறது?”

புரிந்துவிட்டது. அந்த ஸ்கேனர் எல்லோருடைய கீழ்த்தாடைக்கும் ‘கீழ்த்தாடை’ என்ற ஒரே பெயரைத்தான் வைக்கும். தனித்தனிக் கோப்புறை என்றால் சிக்கல் இல்லை. ஒரே கோப்புறையில் இரண்டு வந்தால் பின்னால் வந்தது முன்னால் வந்ததன் மேல் ஏறி உட்கார்ந்து அதை அழித்துவிடும். பெரியவர் உட்கார்ந்துவிட்டார். பெண்ணின் கீழ்த்தாடை போய்விட்டது.

பேசிக்கொண்டிருக்கும்போதே பெரியக்காவின் கணக்கை மூடினேன். பிறகுதான் முதலாளியிடம் போய்ச் சொன்னேன்.

“மூடிட்டியா? தொற, தொற. அவ திரும்ப ஒரு தடவ அனுப்பட்டும். அஞ்சு நிமிஷ வேலை” என்றார்.

“பெரியக்கா இன்னிக்கும் அதே ஃபோல்டர்லதான் அனுப்புவாங்கண்ணே. திரும்பவும் மேல மேல விழும். எது யாரு பல்லுன்னு தெரியாம நான் எப்படி வரையிறது?”

“இன்னிக்கு சுங்கை பாக்காப்புல அரைநாள்தான், தெரியுமா உனக்கு? மத்தியானம் அவ சர்ச்சுக்கு ஒத்திகைக்குப் போயிடுவா. அப்புறம் கல்யாணம் முடிஞ்சுதான் கிளினிக் தொறப்பாங்க. கீழ்ப்பல்லு வரலன்னா கேப் இல்ல. கேப் இல்லன்னா அவ போட்டோவுல கைய வச்சி வாய மறைச்சிக்கிட்டு நிக்கணும்.”

“அரைமணி நேரம் குடுங்கண்ணே. அவங்க பேருலயே தொறந்து வாங்கிடுறேன். பழசத் தொறக்க மாட்டேன்.”

என்னை ஏற இறங்கப் பார்த்தார். “கொம்பு மொளச்சிருச்சு உனக்கு” என்று சொல்லிவிட்டு உலைப்பக்கம் போனார். அதை அனுமதி என்று எடுத்துக்கொண்டேன்.

சுங்கை பாக்காப்புக்குப் போன் போட்டேன்.

“அக்கா, உங்க கீழ்ப்பல்ல காணோம்.”

“என்னது? ஒடஞ்சது மேலம்மா! கீழ எல்லாம் நல்லாத்தான் இருக்கு!” உடைந்த பல்லின் வழியாகக் காற்று சீறியது.

நடந்ததைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே பெரியக்காவின் கடவுச்சொல்லை அடித்துப் பார்த்திருக்கிறார் போலும். “போக மாட்டேங்குதே.”

“நான்தான் மூடினேன்.”

“ஏன்மா, சனிக்கிழமை எனக்குக் கல்யாணம், நீ பூட்டு போட்டு வெளையாடுற?”

“உங்க பேருல ஒண்ணு தொறந்துருவோம்க்கா. இப்ப உங்க மெயிலுக்கு ஒரு நம்பர் வரும், அத அடிச்சா போதும்.”

“கிளினிக் மெயில் எல்லாம் டாக்டர் போனுக்குத்தான் போகும். டாக்டரு செபராங் ஜெயாவுல இருக்காரு.”

மருத்துவரோ யாருக்கோ வேர் சிகிச்சை செய்துகொண்டிருந்தார். இரண்டு கையும் அந்த ஆளின் வாய்க்குள். அந்த எண்ணுக்கு ஆயுள் கொஞ்ச நேரம்தான். வேறு வழியில்லை, பெரியக்காவையும் அதே அழைப்பில் சேர்த்தேன். அதற்குள் அவருக்குத் தன் கணக்கு மூடியிருப்பது தெரிந்துவிட்டது.

“என்னையும் வெளிய தள்ளிட்டியேமா. நான் என்ன திருடியா?”

சிரிப்பே இல்லாத குரல். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் விட்டுக்கொடுக்க முடியாது. “இல்ல பெரியக்கா. உங்க பாஸ்வேர்ட்ல யாரு எத அனுப்பினாலும் உங்க பேருதான் விழும். பெரியவரு பல்ல இந்தப் பொண்ணு வாயில வச்சது யாருன்னு டாக்டர் கேட்டா, சர்வர் உங்களத்தான் காட்டும்.”

அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பிறகு, “டாக்டர் பாக்கெட்டுல கைய விடணும், இருங்க” என்றார்.

தூரத்தில் மருத்துவரின் குரல் கேட்டது: “எந்த நேரத்துல என்ன வேலை இது?” நோயாளி ஏதோ சொல்ல முயன்று ‘ஆ’ என்றார். பெரியக்கா எண்ணைப் பாதி வாசித்திருப்பார், நோயாளி துப்ப வேண்டியிருந்தது. அவருக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு வந்து மீதியைச் சொல்வதற்குள் எண் காலாவதியாகிவிட்டது.

“இன்னொண்ணு அனுப்புறேன்” என்றேன்.

“அவரு துப்பி முடிக்கட்டும்மா!”

இரண்டாவது எண் ஏறியது. இனி கடவுச்சொல்லைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

“சத்தமாச் சொல்லாதீங்கக்கா. பெரியக்கா லைன்ல இருக்காங்க.”

“உன் மாப்பிள்ள பேரு எனக்குத் தெரியாதாக்கும்” என்றார் பெரியக்கா.

“அவரு பேரு இல்ல!”

“அப்ப யாரு பேருடி?”

கல்யாணப்பெண் வாய்விட்டுச் சிரித்தார். காலையிலிருந்து அவர் சிரித்தது அப்போதுதான். “எழுத்து மட்டும் போதாது, நம்பரும் வேணும்” என்று நான் மட்டும் கடமையே கண்ணாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். இந்த முறை கணக்கின் உரிமைகளில் ஒன்றைத் திருத்தினேன்: இருக்கும் கோப்பின் மேல் புதிய கோப்பு ஏற முடியாது. மற்றக் கணக்குகளிலும் அன்றே அப்படி மாற்றிவிட வேண்டும் என்று குறித்துக்கொண்டேன்.

மேல்தாடை வந்தது. கீழ்த்தாடை பாதியில் நின்றது. நகர்ந்தது. நின்றது. அங்கே கிளினிக் ஷட்டரை இறக்கும் சத்தம் கேட்டது. வெளியே கெரெத்தாவுக்குள் உட்கார்ந்தபடி அவருடைய அண்ணன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். “அடிக்கட்டும், நான் இங்கதான் இருப்பேன்” என்றார் கல்யாணப்பெண். கடைசியில் கோப்பு முழுதாக வந்து சேர்ந்தது.

இரண்டையும் பொருத்தினேன். மேல்பற்களும் கீழ்ப்பற்களும் ஒன்றையொன்று தொட்டன. தொட்ட இடமெல்லாம் திரையில் நிறம் பூத்தது.

“மூடிருச்சு” என்றேன்.

“கல்யாணப்பொண்ணு வாய மூடிட்டாளா? அதிசயம்லா” என்றார் பெரியக்கா.

அவர் போவதற்குள் இன்னொன்று கேட்க வேண்டியிருந்தது. “அக்கா, அந்தப் பல்லு பக்கத்துப் பல்லு மேல கொஞ்சம் ஏறித்தானே இருந்திச்சு? நேரா வரையவா, இல்ல இருந்த மாதிரியே வரையவா?”

“இருந்த மாதிரியே. சர்ச்சுல வர்றவங்களுக்கு என்ன அடையாளம் தெரியணும்ல?”

இருந்த மாதிரியே வரைந்தேன். நேராக வரைவது சுலபம். இருந்த மாதிரி சாய்ப்பதில்தான் மாலைவரை போனது. இரவு உலை சுட்டது. முதலாளி வியாழன் முழுக்க நிறத்தோடு மல்லுக்கட்டினார். வெள்ளிக்கிழமை டெஸ்பாட்ச் அண்ணே சின்னப் பெட்டியைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு மோட்டாரில் பாலம் தாண்டி செபராங் ஜெயாவுக்குப் போனார். மாலை வரை போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். பெரியக்காவிடமிருந்து ஒரே ஒரு குரல் செய்தி: “ஒக்காந்துருச்சு.” என்மேல் இன்னும் கொஞ்சம் கோபம் இருந்தது குரலில் தெரிந்தது. ஆனால் தன் புதுக் கடவுச்சொல்லை அவர் முந்தின நாளே வைத்துவிட்டிருந்தார்.

திங்கட்கிழமை காலை முதல் அழைப்பு சுங்கை பாக்காப்பிலிருந்து. கல்யாணப்பெண் விடுப்பில் இருப்பதால் அவர் இடத்துக்கு ஒரு பெண்ணை எடுத்திருந்தார்கள். “அக்கா, பெரியக்காகிட்ட பாஸ்வேர்ட் கேட்டேன், குடுக்க மாட்டேன்னுட்டாங்க. ரொம்ப கர்வமாக்கா அவங்களுக்கு?”

“உங்க பேரச் சொல்லுங்க, நான் ஒண்ணு தொறந்து தர்றேன்” என்றேன்.

அதை முடிப்பதற்குள் சர்வரிலிருந்து எச்சரிக்கை வந்தது. கல்யாணப்பெண்ணின் கோப்புறையில் யாரோ எதையோ போட முயன்று நிராகரிக்கப்பட்டிருக்கிறார்கள். மறுபடியும் ஒன்று. மறுபடியும். நான் போன் போடுவதற்கு முன் அவரே போட்டார்.

“உன் சர்வரு என் கல்யாணப் போட்டோவ எடுக்க மாட்டேங்குது.”

“அக்கா, அதுல ஸ்கேன் ஃபைல் மட்டும்தான் போகும். பல்லு மட்டும்தான்.”

“இதுவும் பல்லுதான்மா.”

“வாட்ஸ்அப்ல அனுப்புங்கக்கா.”

“அது கூடாதுன்னு சொன்ன ஆளே நீதானே!”

திட்டிக்கொண்டே அனுப்பினார். சர்ச் படிக்கட்டில் வெள்ளைச் சேலை, தலையில் வெள்ளை வலை முக்காடு, பக்கத்தில் யாரையோ பார்த்து வாய்கொள்ளாச் சிரிப்பு. கை கீழேதான் இருந்தது, பூச்செண்டைப் பிடித்துக்கொண்டு. படத்தைப் பெரிதாக்கினேன். முதலாளி கண்ணாடியை மாட்டிக்கொண்டு என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

“இதுல எதும்மா நம்ம பல்லு?” என்றார்.

வரைந்தவள் நான். எனக்கே உடனே சொல்லத் தெரியவில்லை.