அட்டை அரிவாள்

போன வருஷம் கோயில் திருவிழாவுக்கு எங்கள் ஊரில் நாடகம் போட்டார்கள். நொடித்துப்போன அண்ணன் தம்பி கதை. கடைசிக் காட்சியில் அண்ணன் தம்பியை வெட்டுவான். அந்த இரண்டு வேடங்களையும் என் வீட்டுக்காரருக்கும் அவருடைய அண்ணனுக்குமே கொடுத்தார்கள். திராட்சை விலை விழுந்ததிலிருந்து, இருவருக்கும் பொதுவான கிணற்றின் மோட்டாரை யார் எப்போது போடுவது என்று அடித்துக்கொண்டு இருவரும் முகம் பார்க்காமல் கிடப்பது ஊருக்கே தெரியும். வேடிக்கை பார்க்கத்தானே கொடுத்தார்கள்?

ஒத்திகையில் அண்ணன் வெறுங்கையைத்தான் ஓங்கினார். ஆனால் அந்தக் கண்ணைப் பார்த்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

“அட்ட அரிவாள்டி. அண்ணன் என்னைய நெசமாவா வெட்டப் போறாக?” என்று இவர் சிரித்தார்.

சிரிக்கட்டும். அண்ணன் தோட்டத்தில் இருக்கும் அசல் அரிவாளும் அதே நீளம்தான்.

நாடகத்தன்று, மைக் கட்டிக்கொண்டிருக்கும்போதே மேடைக்குப் பின்னால் போனேன். சாமான் பெட்டி திறந்து கிடந்தது. அதன் முன்னால் என் ஓரகத்தி, அந்த அண்ணனின் மனைவி, கையில் அரிவாளோடு நின்றாள். அசலை மாற்றி வைக்க வந்துவிட்டாள் என்றே நினைத்தேன்.

“அங்கன என்னக்கா பண்றீக?” என்று கத்திவிட்டேன்.

அவள் பதறவில்லை. வெள்ளித்தாள் ஒட்டிய விளிம்பைக் கட்டைவிரலால் நுனிவரை அழுத்திப் பார்த்துவிட்டு, அரிவாளை என்னிடம் நீட்டினாள்.

“அட்டதான். நீயும் ஒருக்கா பாத்துக்க. எனக்கும் அவுக மேல நம்பிக்கை இல்லத்தா.”