அடிபட்டது யாருக்கு?

போன செவ்வாய்க்கிழமை காலை. மண்டபம் பஸ் ஸ்டாப்பில் நிற்கிறேன். பக்கத்து வீட்டு ஸ்டெல்லா வந்தாள். ஒரு கையில் பை, இன்னொரு கையைச் சுற்றி ஈரத்துணி.

"என்னத்தா, பையும் கையுமா எங்க கெளம்பிட்ட?"

"தங்கச்சிமடத்துக்கு, அம்மா வீட்டுக்கு. இனி திரும்பி வர மாட்டேன்க்கா."

அவள் வீட்டுக்காரர் அருள் மீன்பிடிப் படகில் போகிறவர். இப்போது தடைக்காலம். வீட்டில்தான் இருக்கிறார்... இருக்கிறாரா?

"கடலுக்குப் போனாக்கூட கரைக்கு வந்துருவாரு. போனுக்குள்ள போனா வாரதே இல்லக்கா. கஞ்சி வடிக்கையில கையில கொட்டிக்கிட்டேன். 'ஏங்க'ன்னு கத்துறேன்... காதுல ஹெட்செட். கேம்ல எந்த ஊருக்காரனுக்கோ அடிபட்டிருச்சாம். 'பயப்படாத, இந்தா வாரேன்'னு அவன்கிட்ட சொல்றாரு!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த 'இந்தா வாரேன்' அவளுக்குச் சேர வேண்டியதல்லவா?

கல்யாணமான புதிதில் எங்கள் வீட்டிலும் வீடியோ கேம் இருந்தது. டிவியில் மாட்டி, கேசட் சொருகி, டாங்கிச் சண்டை ஆடுவது. ஜாய்ஸ்டிக் இரண்டு; வயரோ முழ நீளம்தான். தோளோடு தோள் இடித்துக்கொண்டு டிவி முன்னால் உட்கார வேண்டும். என் டாங்கிதான் எப்போதும் முதலில் வெடிக்கும். "மகாராணி செத்துட்டீகளா? அப்ப காப்பி போட்டுட்டு வாங்க" என்பார் எங்கள் வீட்டுக்காரர். அடுப்பில் சோறு பொங்குகிறதே என்று நான் சட்டென்று எழுந்தால், வயர் இழுத்து கேம் பெட்டியே கீழே விழும். அவரும் பதறி என் பின்னாலேயே ஓடி வருவார். நான் எழுந்தது அவருக்குத் தெரியாமல் போன நாளே கிடையாது!

இப்போது எங்களுக்கும் ஆளுக்கொரு போன்... ஆளுக்கொரு மூலை.

தூரத்தில் அருள் ஓடி வந்தார். கழுத்தில் ஹெட்செட், கையில் தீப்புண் மருந்து.

"நீ கத்துனது அப்பறந்தான் ஒறச்சுச்சு. வந்து பாத்தா அடுப்படியெல்லாம் கஞ்சி கெடக்கு, உன்னயக் காணோம்... கையக் காட்டு புள்ள."

"எதுக்கு வந்தீக? உங்க ஆளு பொழச்சுட்டாரா?"

"செத்துட்டான். பாதியில விட்டுட்டு ஓடியாந்தேன். எல்லாப் பயலும் என்னய ஏசுறான்."

ஸ்டெல்லா உதட்டைக் கடித்துப் பார்த்தாள். முடியவில்லை, சிரித்துவிட்டாள். பஸ் வந்து நின்றது. அவள் ஏறவில்லை, துணியை அவிழ்த்துக் கையை நீட்டினாள்.

ஆட்டம் எதுவானால் என்ன? கூப்பிட்ட குரல் காதில் விழுந்தால் போதும்.

பஸ் போய்விட்டது. நானும் அதில்தான் போக வேண்டும் என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது!