வேலில் படிந்த செம்பு

முருகனின் வேலில் இரத்தம் கசிந்ததென்று நான் நம்பினேன். சிரியுங்கள்! ஐம்பது வயது, எட்மண்டனில் சொந்த வீடு, இரசாயனவியல் பரீட்சையில் இரண்டு தரம் தோற்ற அனுபவம்... இத்தனையும் இருந்தும் நம்பினேன்.

2009 வைகாசி. பின்வளவுத் திராட்சைக்குத் தெளிக்க மயில்துத்தம் என்ற நீலப் பூஞ்சண மருந்தைக் கரைத்துக்கொண்டிருந்தேன். இரும்பு வாளியில் கரைக்கக்கூடாதென்று அப்பா சொல்லியிருந்தார். ஆகவே பிளாஸ்டிக் வாளி. கலக்கும் தடியைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லையே! சாமித்தட்டில் இருந்த சிறிய இரும்பு வேலால் கலக்கினேன்.

அது எங்களோடு இருந்த என் மனைவியின் தங்கை வசந்தியுடையது. வன்னியில் அகப்பட்டிருந்த அவள் கணவன் தன் கையால் அடித்துக் கொடுத்தது. மாதக்கணக்காக அவனிடமிருந்து ஒரு சொல் இல்லை.

உள்ளே தொலைபேசி அடித்தது. அதை வாளியிலேயே விட்டுப் போனேன். திரும்பி வந்து தூக்கினால்... செக்கச் செவேல்!

பெனியனால் துடைத்தேன். துடைக்கத் துடைக்க மினுங்கியது. சாமித்தட்டில் எறியாத குறையாக வைத்துவிட்டு, குளியலறைக்குள் புகுந்து தோப்புக்கரணம் போட்டேன். பதினேழாவதில் முழங்கால் பிடித்துக்கொண்டது.

"அத்தான்! ஓடி வாங்கோ! வேல் பொன்னாயிட்டுது! அவர் உயிரோட இருக்கிறார் அத்தான்!"

"ஓம் பிள்ளை... இருக்கிறார்."

வேறென்ன சொல்வேன்? துத்தம் கலக்கினேன் என்றா?

பயம் தெளிந்ததும் பாடம் நினைவுக்கு வந்தது. துத்தக் கரைசலில் இரும்பை வைத்தால் இரும்பு கரையும். அதன் இடத்தில் செம்பு படியும். பரீட்சை மண்டபத்தில் வராத விடை! ஆனாலும் சொல்லவில்லை. அன்றுதான் அவள் சோறு கேட்டுச் சாப்பிட்டாள். இதைச் சாட்டாகச் சொல்கிறேனா? நீங்களே சொல்லுங்கள்.

ஆவணியில் வன்னிச் சனத்தை அடைத்திருந்த முகாமிலிருந்து ஒருவர் அழைத்தார். வசந்தி தொலைபேசியைத் தொடவில்லை.

"எனக்கு வேல் சொன்னது போதும். நீங்கள் கதையுங்கோ அத்தான்."

கதைத்தேன்.

"அண்ணை, நான்தான் அவரைக் குழி வெட்டித் தாட்டனான். தங்கச்சியிட்டைச் சொல்லிவிடுங்கோ," என்றார் அந்த மனிதர்.

"என்னவாம் அத்தான்?"

"லைன் கட்டாயிட்டுது பிள்ளை."

ஊரெல்லாம் பகிடி விடுகிற வாய்... அந்த ஒரு வசனத்துக்குப் பிறகு இந்த வீட்டில் உண்மை பேச அதற்கு வக்கில்லை.

வெள்ளிக்கிழமைதோறும் அவள் அந்த வேலுக்குப் பால் ஊற்றுகிறாள். குங்குமம் வைக்கிறாள்; அதே குங்குமத்தைத் தன் நெற்றியிலும் இட்டுக்கொள்கிறாள். செம்பு தேய்ந்து, நுனியில் இரும்பு தெரியத் தொடங்கிவிட்டது. "ஏன் அத்தான் கறுக்குது?" என்று போன கிழமை கேட்டாள். நான் தேநீரை ஊதிக்கொண்டிருந்தேன்.

வேல் சிவந்தது வைகாசியில். அவன் சித்திரையிலேயே செத்துவிட்டான்.