அப்பா நிறுத்திய ஆங்கிலம்

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படித்தவள் நான். பல்கலைக்கழக முதல் வருட விடுமுறையில் ஒருநாள், கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் வருவதற்காக அப்பா ஓட்டிய கம்பெனி லோரியில் ஏறினேன். கிடங்கு வாசலில் நின்ற சீன முதலாளியிடம் அப்பா, "டுடே மை டாட்டர் ஃபாலோ மீ, பாஸ்" என்றார்.

நான் சிரித்துவிட்டேன். "ஃபாலோ இல்லப்பா. நான் என்ன உங்க பின்னால நடந்தா வரேன்?"

அதோடு விட்டிருக்கலாம். முதலாளியும் இரண்டு ஓட்டுநர்களும் கேட்டுக்கொண்டிருந்ததாலேயே விடவில்லை. பின்தொடர்வது ஃபாலோ, சொன்னபடி நடப்பது ஃபாலோ, பாடம் புரிகிறதா என்று கேட்பது ஃபாலோ, போனில் ஒரு நடிகையின் படங்களுக்காக அழுத்துவதும் ஃபாலோ. கூட வருவது மட்டும் ஃபாலோ இல்லை என்று ஆங்கிலத்திலேயே விளக்கினேன்.

"வாவ், டீச்சர் லா" என்றார் முதலாளி. அப்பாவும் சிரித்தார்.

மலாய் மொழியில் 'ஈக்குட்' என்றால் பின்தொடர்வதும்தான், கூட வருவதும்தான். அதை வைத்துத்தான் மலேசியாவே ஆங்கிலம் பேசுகிறது. எனக்கு அன்றே தெரியும். தெரிந்துதான் திருத்தினேன்.

அதன்பின் என் முன்னால் அப்பா ஆங்கிலம் பேசியதே இல்லை. எந்தக் கவுண்டரிலும் என்னை முன்னே தள்ளிவிடுவார். எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது.

சென்ற ஆண்டு முதலாளி ஓய்வெடுத்துக்கொள்ள, வெளிநாட்டில் வளர்ந்த மகன் வந்தார். ஆட்களைக் குறைப்பதற்காக ஓட்டுநர்களை ஒவ்வொருவராக அழைத்து ஆங்கிலத்தில் பேசினார். அப்பாவுக்கு வேலை போனது. ஏன் என்று அப்பாவின் கூட்டாளி ஓட்டுநர்தான் பாசாரில் காய்கறி வாங்கும்போது சொன்னார்.

"உங்கப்பா வாயே தொறக்கலம்மா. 'நோ இங்கிலீஷ், சார்'னுட்டு எந்திரிச்சி வந்துட்டாரு. நான் 'லோங் டைம் டிரைவ், நோ எக்சிடன்'னு அடிச்சி விட்டேன். என் இங்கிலீஷ கேட்டா நாய்கூட ஓடிரும் லா. எனக்கு வேல இருக்கு."

வீட்டுக்கு வந்து கேட்டேன். "ஏம்பா பேசல? இத்தன வருசம் பழைய முதலாளிகிட்ட பேசுனீங்கல்ல?"

"தப்பா வந்துரும்மா" என்றார், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

இப்போது அவருக்கான விண்ணப்பங்களை நான்தான் எழுதுகிறேன். ரவாங், பெட்டாலிங் ஜெயா என்று எல்லா இடத்துக்கும் அனுப்பினேன். ஒரு பிழை இருக்காது. பல மாதங்களுக்குப் பிறகு, போன வாரம் ஒரு கம்பெனியிலிருந்து அப்பாவின் போனுக்கு அழைப்பு வந்திருக்கிறது. நான் அலுவலகத்தில் இருந்தேன்.

"அந்தப் பொண்ணு இங்கிலீஷ்ல கேட்டுக்கிட்டே இருக்கு" என்றார் அம்மா. "இவரு போன காதுல வச்சிக்கிட்டு நிக்கிறாரு. அதுவா கட் ஆவுற வரைக்கும்."

மறுநாள் நான் அழைத்தேன். வேறு ஆள் எடுத்தாயிற்றாம்.