எட்டாம் நாள் என்ர பிள்ளையைத் தாங்கின கைகள்

என்ர மனுசன் என்னைக் கொல்லுவார் எண்டு எனக்குத் தெரியும். வயித்தில இருந்த பிள்ளையையும் கொல்லுவன் எண்டு சொன்ன பிறகுதான் வீட்டை விட்டு ஓடினனான். இண்டைக்கும் 'அவர்' எண்டுதான் வாயில வருது, பழக்கதோஷம்.

எழுபதுகளின்ர நடுவில, மெல்பேர்னில நடந்தது. நான் யாழ்ப்பாணத்துப் பிள்ளை. கொழும்பில அவரை விரும்பி, யூத மார்க்கத்தை மனசார ஏற்றுத்தான் கட்டினனான். அதோட என்ர வீட்டார் என்னைத் தலைமுழுகிப் போட்டினம். இஞ்ச வந்து அவருக்குக் குடி கூடிச்சு, எனக்கு அடி கூடிச்சு. ஏழு மாத வயிற்றோட நிக்கேக்க உதைச்சு விலா எலும்பை முறிச்சார். எங்கட ஜெப ஆலயத்து றேச்சல் அன்ரிதான் என்னைத் தன்ர வீட்டில வைச்சுப் பாத்தவ.

ஆண் பிள்ளை பிறந்தது. யூதரான எங்களில ஆண் பிள்ளைக்கு எட்டாம் நாள் விருத்தசேதனம், நுனித்தோல் வெட்டுற சடங்கு. அங்கதான் எனக்குப் பயம் பிடிச்சுது. அவரும் யூதர்தானே, நாள் எண்ணத் தெரியாதா? நான் இருக்கிற இடத்தையும் அறிஞ்சிட்டார். வேற நாளில வையுங்கோ எண்டு எங்கட குருவிட்டக் காலில விழாத குறையாக் கேட்டன்.

"பிள்ளை சுகமா இருந்தா நாளை மாத்த ஏலாது மகள். ஆனா நீ தனிய நிக்கமாட்டாய்" எண்டார்.

எனக்குக் கோவம் வந்திட்டுது. என்ர மனுசன் வந்தா ஆர் தடுக்கிறது எண்டு ஆண்டவரோடயே சண்டை பிடிச்சன்.

தாயின்ர கையில இருந்து பிள்ளையை வாங்கி, கைமாறிக் கைமாறித்தான் சடங்கு செய்யிறவரிட்டக் கொண்டுபோறது வழக்கம். மற்ற வீடுகளில ரெண்டு மூண்டு சொந்தக்காரர் நிப்பினம். எனக்கு ஆரும் இல்லை எண்டு சபையே சொந்தமா வந்து, றேச்சல் அன்ரியின்ர குசினியில இருந்து முன் ஹோல் மட்டும் வரிசையா நிண்டுது. நான் குசினி அடுப்படியில நிண்டு பிள்ளையை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு விடேல்ல.

"தா பிள்ளை" எண்டா அன்ரி. குடுத்தன்.

பிள்ளை ஹோலுக்குப் போன உடனை முன்கதவுக் கண்ணாடி நொருங்கிச்சு. இரும்புக் கம்பியோட அவர். கதவடியில நிண்டவரின்ர மண்டை உடைஞ்சு இரத்தம் சுவரில தெறிச்சுது. பிள்ளையை வைச்சிருந்தது ஈசாக் அங்கிள், வயசான தையல்காரர். பிள்ளையைப் பக்கத்தில நிண்டவவிட்டக் குடுத்திட்டு, அடுத்த அடியைத் தன்ர கையில வாங்கினார். எலும்பு முறிஞ்ச சத்தம் எனக்குக் குசினியில கேட்டுது. எபிரேய ஜெபம் ஒண்டும் என்ர வாயில வரேல்ல. "ஆண்டவரே, என்ர பிள்ளை, என்ர பிள்ளை" எண்டு தமிழில கத்தினன்.

பிள்ளை திரும்பி வந்துது. போன வழியாலயே, கைக்குக் கை. றேச்சல் அன்ரி வாங்கிப் பின்கதவால ஓடி, வேலிக்கு மேலால பக்கத்து வீட்டாரிட்ட நீட்டினா. பொலிஸ் வருமட்டும் அவரை நாலு பேர் நிலத்தில அமத்தி வைச்சிருந்தவை. அவையையும் கடிச்சுக் காயப்படுத்தினார்.

அண்டைக்குப் பொழுதுபட முன்னம் சடங்கு நடந்தது. ஆஸ்பத்திரியில இருந்து பிளாஸ்டர் போட்ட கையோட நேர வந்து, பிள்ளையை மடியில வைச்சிருந்தது ஈசாக் அங்கிள்தான். கழுவின தரை இன்னும் காயேல்ல.

என்ர மனுசன் ஜெயிலுக்குப் போனார். என்ர மகன் வளந்திட்டான். இப்ப ஆரின்ர பிள்ளைக்கு எட்டாம் நாள் எண்டாலும் வரிசையில நானும் நிப்பன்.

அண்டைக்குப் பிள்ளையை நானே வைச்சிருந்தா, என்னை அடிச்சுப் போட்டுப் பறிச்சிருப்பார். அடிபட்டுக்கொண்டு வாய் திறவாமல் இருக்கிற சகோதரிகளே, ஆண்டவரிட்டக் கேளுங்கோ. கேட்டுப்போட்டு, உங்கட பாரத்தைக் கையை நீட்டுறவையிட்டக் குடுங்கோ. பயமாத்தான் இருக்கும். நானும் பயந்து பயந்துதான் குடுத்தனான்.