பாய்மரத்தில் முளைத்த சிவப்புக் காளான்

இப்போதெல்லாம் எதையும் இரண்டாவது தடவை சொல்ல எனக்குத் தெம்பில்லை. காது கேட்டால் கேட்கட்டும், இல்லாவிட்டால் போகட்டும் என்று விட்டுவிடுகிறேன். இளம் வயதில் ஒரே விஷயத்தை மூன்று தடவை சொல்லி அலுத்தவள் நான். கடற்கரையில் கிடக்கிற புன்னைமரத்தைத் தோணிக்குப் பாய்மரமாக நிறுத்த வேண்டாம், அது உள்ளே கெட்டுவிட்டது. இதுதான் விஷயம். சொன்னது என் வீட்டுக்காரரிடம். அவர் தண்டல், தோணியை ஓட்டுகிறவர் என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லலாம். தோணியும் அவருடையதுதான், அவர் அப்பா விட்டுப்போனது. பாய்மரத்தைப் பற்றிப் பெண்டாட்டி சொல்லி எந்தத் தண்டல் கேட்டிருக்கிறார்?

அது சண்டைக் காலம். பர்மா அரிசி நின்றுபோய், ரேஷன் கடை வாசலில் வரிசையில் நின்று நின்றே எங்கள் காலம் கழிந்தது. மண்ணெண்ணெய் கிடையாது. முத்துக்குளிப்பும் இல்லாத வருஷங்கள். கொழும்புக்குப் போய்வரும் தோணி ஒன்றுதான் எங்களுக்குச் சோறு. அதன் பாய்மரம் ஒரு பயணத்தில் திரும்பி வரும்போது நடுக்கடலில் முறிந்துவிட்டது. என் வீட்டுக்காரரோடு ஆறு பேர். கிழிந்த பாயைப் பிடித்துக்கொண்டு இரண்டு நாள் அலைந்து கரை சேர்ந்தார்கள். வந்தவர் சோறு கேட்கவில்லை, பாயை விரி என்றார். ஒரு பகலும் ஓர் இரவும் தூங்கினார். எழுந்து உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்ன ஆயிற்று என்று அவரை யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. தோணிக்கு அடுத்த மரம் எப்போது என்றுதான் எல்லோரும் கேட்டோம்.

அந்தக் காலத்தில் நல்ல மரமெல்லாம் பட்டாளத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. எட்டு மாதம் அலைந்து, செங்கோட்டைப் பக்கத்துக் காட்டிலிருந்து ஒரு புன்னைமரத்தை ரயிலில் ஏற்றிக் கொண்டுவந்தார். கரையில் சின்னச் சிலுவைக் கோயிலான குருசடிக்குப் பக்கம்தான் கொஞ்சம் மேட்டு நிலம். அங்கே இரண்டு கட்டையை அணை கொடுத்து மரத்தைக் கிடத்தினார்கள். செதுக்க வேண்டிய ஓடாவிக்கு, அதாவது தோணி கட்டும் ஆசாரிக்கு, துறைமுகத்தில் ஓயாத வேலை. ஐப்பசி மழையும் கார்த்திகை மழையும் மரத்தின் மேலேயே பெய்து தீர்ந்தன.

மழை விட்ட பிறகு மரத்தில் சிவப்பாக ஏதோ முளைத்தது. முதலில் குன்றிமணி அளவுதான். தை பிறப்பதற்குள் உள்ளங்கை அகலத்துக்கு விரிந்துவிட்டது. தண்டு கிடையாது, மரத்தோடு ஒட்டிக்கொண்டு பாதி வட்டமாக நீட்டிக்கொண்டிருக்கும். தொட்டால் செருப்புத் தோல் மாதிரி விறைப்பு. நிறம் மட்டும் பழுத்த மிளகாயின் சிவப்பு. உப்பளத்து வெள்ளையையும் கடல் நீலத்தையும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்தச் சிவப்பு கூசும். எங்கள் கரைக்காரர்கள் யாரும் அதற்கு முன் அதைப் பார்த்ததில்லை.

நான் பார்த்திருக்கிறேன். என் அப்பா கருவாட்டு வியாபாரி. மலையடிவாரத்துச் சந்தையில் கடை போட்டிருந்தார். பன்னிரண்டு வயது வரை நான் அங்கேதான் வளர்ந்தேன். மரம் வெட்டப் போகிறவர்கள் எங்கள் கடையில் கருவாடு வாங்கிக்கொண்டுதான் மலையேறுவார்கள். அவர்கள் அந்தச் சிவப்புக் காளானைப் பேச்சி பொட்டு என்பார்கள். காட்டுத் தெய்வமான வனப்பேச்சி தனக்கென்று பொட்டு வைத்துவிட்ட மரம் அது. அதில் கோடாலி போடக்கூடாது. ஒன்றைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போய்விடுவார்கள். பக்தி ஒரு பக்கம் இருக்கட்டும், அப்படிப்பட்ட மரம் ஒன்று காற்றில் தானாக விழுந்ததை நான் பார்த்தேன். உள்ளே வைரம் பாய்ந்த இடமெல்லாம் ஊறிய அவல் மாதிரி வெளுத்து, கையால் பிய்த்தால் வந்தது. இந்த மரத்தில் முளைத்தது வெட்டிக் கிடத்திய பிறகுதான் என்றாலும், உள்ளே கெடாத மரத்தில் அது முளைக்காது என்று எனக்குத் தெரியும்.

முதல் தடவை அவர் கஞ்சி குடிக்கும்போது சொன்னேன்.

“மரத்துல செவப்பா மொளச்சிருக்கே, பாத்தீங்களா? உள்ள கெட்ட மரத்துலதான் அது வரும்.”

“மழைக்கு எல்லாத்துலயும் என்னமாவது மொளைக்கும். கஞ்சியில உப்பு இல்ல,” என்றார்.

இரண்டாவது தடவை ஓடாவியை வைத்துக்கொண்டே சொன்னேன். ஓடாவி மரம் செதுக்கும் வாச்சியின் பின்பக்கத்தால் மரத்தை நாலு இடத்தில் தட்டினார். காது கொடுத்துக் கேட்டார். மூஞ்சி ஒரு கணம் சுருங்கியது. பிறகு, “மேலாப்புலதான் இருக்கும் தண்டலே, செதுக்குனா போயிரும்,” என்றார். மரம் கிடைக்காத காலத்தில் ஓடாவிக்கும் காது மந்தமாகிவிடும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

மூன்றாவது தடவை பேச்சியின் பெயரை எடுத்தேன். அது என் புத்திகெட்டதனம்.

“பேச்சியா? ஞானஸ்நானம் வாங்குன வாயா ளா இது?” என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். பாஸ்கு என்கிற உயிர்ப்புத் திருநாள் முடிந்ததும் மரத்தை நிறுத்துவது என்று ஓடாவியிடம் நாள் குறித்தாகிவிட்டது. அதே ஆறு பேர்தான் மறுபடி போவார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை. இரவில் இரண்டு பிள்ளைகளையும் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு விழித்துக் கிடந்தேன்.

தவக்காலம் வந்தது. முதல் வெள்ளிக்கிழமை சிலுவைப் பாதை முடிந்து பெண்கள் கூட்டமாகக் குருசடி வழியே திரும்பினோம். என் பக்கத்து வீட்டுக்காரி, செபமாலை கையை விட்டு இறங்காதவள், மரத்துக்கு முன்னால் நின்றுவிட்டாள்.

“ஏளா, இங்கன பாருங்க. ஆண்டவரு காயம் மாதிரில்லா இருக்கு!”

எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள். அவளே விரலை நீட்டி எண்ணினாள். ஏழு. அவள் முகம் விழுந்துவிட்டது. “அஞ்சு இருந்தா ஆண்டவரு சிலுவையில பட்ட ஐந்து திருக்காயம்னு சொல்லலாம். ஏழு கணக்குல வரலயே,” என்று சொல்லிவிட்டு நடந்தாள். கூட்டமும் கலைந்தது.

நான் மட்டும் அந்த இடத்திலேயே கொஞ்ச நேரம் நின்றேன்.

புதன்கிழமை மத்தியானம், வெயிலுக்குப் பயந்து கரையில் ஆளே இல்லாத நேரமாகப் பார்த்துப் போனேன். ஏழில் எந்த இரண்டு என்று யோசிக்கக்கூட எனக்குத் தெம்பில்லை. ஓரமாக இருந்த இரண்டைப் பிடித்தேன். பிடுங்குவதற்கு முன்னால் ஒன்றை நெற்றியில் ஒற்றிக்கொண்டேன். பேச்சியிடமும் ஆண்டவரிடமும் ஒரே மூச்சில் மன்னிப்புக் கேட்டேன். பிடுங்கிய இடத்தில் என் நகம் உள்ளே இறங்கியது. ஈர மண்ணை அள்ளி அங்கே தேய்த்து மறைத்தேன். அந்த இரண்டையும் மடியில் கட்டி எடுத்துவந்து குசினி அடுப்பில் போட்டேன். அவை எரிய மறுத்தன. அன்றைய கஞ்சி முழுக்க ஒரு நாற்றம். உப்பு இல்லை என்றவர் அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை பக்கத்து வீட்டுக்காரி எண்ணினாள். ஐந்து. இன்னொரு தடவை எண்ணினாள். ஐந்துதான்.

“போன வாரம் ஏழு, இந்த வாரம் அஞ்சு. இது மனுச வேலையா சொல்லுங்க!” என்று மண்ணில் முழந்தாளிட்டுக் கதறினாள்.

அந்த மனுஷி நான், அவள் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தேன். எல்லோரும் முழந்தாளிட்டார்கள், நானும் முழந்தாளிட்டேன். ஒரு வாரத்துக்குள் தருவைகுளத்திலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். மெழுகுதிரி கிடைக்காத காலத்தில் எங்கிருந்து அத்தனை திரி வந்ததோ தெரியாது. கடலில் பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய் அந்தச் சிவப்பைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதபோது, தரைக்குள் போய்விடலாம் போல எனக்கு வெட்கமாக இருந்தது. புருஷனைக் காப்பாற்ற நான் போட்ட வேஷம் இவள் அழுகைக்குள் நுழையும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். “சாமி, ரெண்டு காளானப் பிடுங்கிட்டேன்,” என்றேன். மேலே சொல்ல வாய் வரவில்லை. “பசியாம்மா?” என்று சாமியார் கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். மூன்று அருள் நிறை மரியே செபம் சொல்லச் சொல்லி அனுப்பிவிட்டார். அந்தப் பாவத்தோடு ஒரு பொய்யும் சேர்ந்ததுதான் மிச்சம்.

ஊர்ப் பெரியவர்கள் சாமியாரிடம் போய்க் கேட்டார்கள். அவர் நிதானமானவர். “அற்புதம்னு நான் சொல்லல. வாச்சி போட்டுச் செதுக்குங்கன்னும் சொல்லமாட்டேன்,” என்றார். அது போதாதா? பெரிய வெள்ளிக்கிழமைக்கு முன்னால் மரத்தைக் கரையில் சிலுவையாக நட்டுவிட்டார்கள். என் வீட்டுக்காரர் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு பக்கம் தோள் கொடுத்துத் தூக்கக்கூடச் செய்தார். ஆண்டவர் கேட்டதைக் கொடுத்த தண்டல் என்று ஊரே அவரைக் கையெடுத்துக் கும்பிட்டது. அவர் மூஞ்சியை நான் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு மரம் கிடைக்கவில்லை. தோணி மணலில் கிடந்து, வெயிலில் பலகைக்குப் பலகை வாய் பிளந்துவிட்டது. தண்டலாக இருந்தவர் துறைமுகத்தில் மூட்டை சுமக்கப் போனார். சாயங்காலம் வந்து குப்புறப் படுப்பார். நான் முதுகில் எண்ணெய் தேய்ப்பேன். தோள்பட்டையில் சணல் அறுத்த கோடுகள். உயிரை மீட்டுக் கொடுத்தேன் என்று நினைத்தால் ஒரு நாள் நிம்மதி; முதுகை ஒடித்துவிட்டேன் என்று நினைத்தால் ஒரு வாரம் தூக்கம் போய்விடும். வெள்ளிக்கிழமை தவறாமல் சிலுவையடியில் திரி கொளுத்த வேண்டியவளும் நான்தான். தண்டல் பெண்டாட்டி அல்லவா? கால் வலி என்று சொன்னாலும் விடமாட்டார்கள். இப்படி இரண்டு வருஷம்.

சண்டை முடிந்த வருஷத்து ஐப்பசியில் ஒரு காற்று அடித்தது. காலையில் போய்ப் பார்த்தால் சிலுவை இடுப்பளவில் முறிந்து மணலில் கிடந்தது. ஊரே அழுதுகொண்டு ஓடிவந்தது. என் வீட்டுக்காரர் முன்னால் போய் முறிந்த இடத்தில் கை வைத்தார். அவர் கையோடு வெள்ளையாக ஒரு பிடி வந்தது. அதைப் பிசைந்து பார்த்தார். உதிர்ந்து மணலோடு மணலாகப் போயிற்று. இப்போது கேட்பார், கூட்டத்தில் வைத்தே கேட்பார் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவர் என் பக்கத்தில் வந்து நின்று, மற்றவர்களுக்குக் கேட்காதபடி பேசினார்.

“ரெண்டப் பிடுங்குன எடத்துல மண்ணு தேச்சிருந்த பாத்தியா, அந்த எடத்துல அன்னைக்கே வெரல விட்டுப் பாத்தேன் ளா. முழுசும் உள்ள போச்சு.”

“அன்னைக்கேவா?”

“அன்னைக்கேதான். மூணு தடவ சொன்னவ கை, வேற யாரு கை?”

எனக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியதும் ஆத்திரம்தான் வந்தது. “தெரிஞ்சிருந்துமா ரெண்டு வருசம் மூட்ட சுமந்தீங்க? வேற மரம் தேடியிருக்கலாம்லா?”

“தேடியிருந்தா கெடச்சிருக்கும்,” என்றார். முறிந்த மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “கெடச்சா மறுபடியும் போவணுமே. எனக்குக் கடலு அலுத்துட்டு ளா. அந்த ரெண்டு நாளோட அலுத்துட்டு. தண்டலு அத எங்கன போய்ச் சொல்லுவான்?”

என்னிடம் சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு தடவை சொல்லியிருந்தால் போதும். எண்ணெய் தேய்த்த எத்தனை சாயங்காலம் அவர் வாயும் என் வாயும் அத்தனை பக்கத்தில் இருந்தன! அவரை அடிக்க வேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டும் செய்ய முடியாத இடத்தில், ஊர் முழுக்கக் கூடியிருக்கும்போது, நின்றுகொண்டிருந்தேன்.

பக்கத்து வீட்டுக்காரி எங்களைக் கையைக் காட்டி, தண்டலும் அவர் வீட்டுக்காரியும் முதலில் முத்தி செய்யட்டும் என்று உரக்கச் சொன்னாள். கூட்டம் வழி விட்டது. அவர் முழந்தாளிட்டு அந்த உளுத்த மரத்தை முத்தமிட்டார். நகர்ந்து எனக்கு இடம் விட்டார். நானும் முத்தமிட்டேன்.